ஒரே அச்சில் ஆறு மட்டைகள்

அமுதவல்லி நாள்தோறும் காலை ஆறு மணிக்கெல்லாம் மைதானத்துக்கு வந்துவிடுவாள். மட்டையைத் தொடுவதற்கு முன் வெறுங்கைகளைப் பத்து முறை வீசிப் பார்ப்பாள். திருச்செங்கோட்டில் வங்கி ஊழியரான அவளுக்கு, கோவையில் நடக்கும் கோல்ஃப் போட்டியில் ஆடுவது மூன்றாண்டுக் கனவு.

அவளுடைய ஆறு பேர் அணியின் தலைவர் வெள்ளியங்கிரி ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் முதலாளி. உதிரிப் பாகங்களை மொத்தமாக வாங்கிப் பழகியவர். அதே வழக்கத்தில், பந்தைக் குழிக்குள் உருட்டும், மரச்சுத்தியல் போலத் தடித்த கொட்டாப்புளித் தலை மட்டைகளையும் ஒரே அச்சில் ஆறு வாங்கிவந்து, போட்டிக்கு எல்லோரும் இவற்றையே பிடிக்க வேண்டும் என்றார். அந்த மட்டையால் அமுதவல்லி அடித்த பந்துகள் குழிக்கு வலப்புறமாகவே விலகி ஓடின.

"கை நடுங்குது அம்மிணி. பேங்க்ல சீல் குத்தற கை இதுக்கு ஆகாது!" என்றார் வெள்ளியங்கிரி.

அணியினர் எல்லோரும் சிரித்தார்கள். அவர் அணிப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு, தம் மைத்துனர் ரங்கன் பெயரை எழுதினார்.

மூன்றாண்டு உழைப்பை ஒரு பேனாக்கோடு அழித்துவிடலாமா? ஆமைக்கு அளவெடுத்த ஓட்டை நத்தையின் முதுகில் ஏற்றிவிட்டு, ஏன் தள்ளாடுகிறாய் என்று அதட்டும் காட்டரசனின் நீதியல்லவா இது!

அமுதவல்லியின் முகம் சிவந்தது. "ஏனுங்கண்ணா, செம்மண்ணுக்கும் கருங்கல்லுக்கும் ரிக்குல தொளை போடற பிட்டு ஒன்னையேதான் மாட்டுவீங்களா?"

"அதெப்புடி? ஒடஞ்சு போயிருமே."

"அப்ப ஆறு பேரு கையிக்கும் ஒரே மட்டை எப்புடிங்க ஆகும்?"

அவர் வாங்கிய மட்டையின் தண்டை அவள் ஒரு விரலில் கிடையாக நிறுத்தினாள். பந்தை அடிக்கும் முகம் வானத்தைப் பார்த்து நின்றது. "நேரா இழுத்து நேரா அடிக்கறவங்களுக்கு இது பொருந்துமுங்க. என்ற வீச்சு வளைஞ்சு போயி வளைஞ்சு வருது. அதுக்கு இது கூடத் திரும்பாதுங்க, அதான் பந்து வலப்பக்கம் ஓடுது."

பிறகு தன் பையிலிருந்த மட்டையை எடுத்தாள். அதுவும் கொட்டாப்புளித் தலைதான். ஆனால் விரலில் நிறுத்தியதும் அதன் தலையின் நுனி கீழே சரிந்து தொங்கியது. அதைக் கொண்டு ஆறு பந்துகளை உருட்டினாள். ஐந்து குழிக்குள் விழுந்தன.

"மச்சா, நடுங்கற கை நல்லாத்தான் போடுது!" என்றார் ரங்கன்.

வெள்ளியங்கிரி, சிரித்தவர்களையெல்லாம் அருகே அழைத்தார்.

"எல்லாருங் கேட்டுக்கங்க. உங்க முன்னாலதான் அம்மிணி கையக் கொறை சொன்னேன். கையில ஒரு கொறையுமில்லை. பாக்காம வாங்குன என்ற மேலதான் தப்பு."

பட்டியலை எடுத்துத் தம் பெயரை அடித்து, அதன்மேல் அமுதவல்லி என்று எழுதினார்.

"நீங்க கேப்டனுங்கண்ணா! நீங்க வராம எப்புடி?"

"உன்ற பையத் தூக்க ஒரு ஆளு வேணுமில்ல அம்மிணி? நான் வாரேன்."