குதிரைகளுக்குப் பின்னால்

கார்வெல் ஊர் ஓர் அரசியல்வாதியைப் பற்றி என்ன நினைக்கிறது என்று தெரிய வேண்டுமானால், சோளத் திருவிழா ஊர்வலத்தில் அவருக்கு எந்த இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். பிடித்தவர் என்றால் கொடிக்கும் பழைய ராணுவக்காரர்களுக்கும் அடுத்து, பள்ளிக்கூட பேண்டுக்கு முன்னால். பிடிக்காதவர் என்றால் கடைசியில், குதிரைகளுக்குப் பின்னால். யாரையும் முகத்துக்கு நேரே திட்டிப் பழக்கமில்லாத ஜனங்கள். திட்ட வேண்டியதையெல்லாம் குதிரைகளிடம் விட்டுவிடுவார்கள். போன கோடையில் ஒரு செனட்டர் புது வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்து கடைசியில் நடந்தார். அந்த ஷூவின் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது. தேர்தலில் அவர் தேறவில்லை.

மார்லிஸ் டோலஃப்சன் இந்த ஊர்ப் பெண். இங்கே கவுன்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, அரசு வக்கீலாகத் தொடங்கி, ஓட்டு வாங்கி மாநில அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் ஆகி, அதே நாற்காலியில் மூன்று முறை உட்கார்ந்துவிட்டாள். நவம்பரில் மாநிலத்தை ஆளும் கவர்னர் பதவிக்குத் தேர்தல். அதிலும் நிற்கிறாள். காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் காரை நிறுத்தும்போதே, பிரச்சாரத்தோடு அவள் அலுவலகத்தையும் கவனிக்கும் டிரென்ட் கோவால் புலம்பத் தொடங்கிவிட்டான்.

"மேடம், இன்னிக்கு நிச்சயம் சாணிதான். ஊர்வலத்துக்குப் பொறுப்பு யாரு தெரியுமில்ல? டோரீன் வென்சல். பழைய ஷூவும் ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்கேன்."

"குடு, போட்டுக்கறேன்" என்றாள் மார்லிஸ்.

அவன் விளையாட்டாகச் சொன்னான். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. டோரீன் தன்னைக் கடைசியில் நிறுத்தினால் நன்றாக இருக்கும் என்றே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். வாங்க வேண்டிய தண்டனையில் பாதியாவது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

டோரீன் அவளுடைய சின்ன வயதுத் தோழி. டோரீனின் தம்பி கர்ட்டிஸ் சிறையில் இருக்கிறான். ஊர் எல்லையில் இருந்த தானியக் கிடங்கு ஓர் இரவு எரிந்து, காவலுக்கு இருந்த எம்மெட் செத்துப்போனார். அதற்கு முந்தின வாரம்தான் கர்ட்டிஸ் குடித்துவிட்டு வந்து அங்கே வேலையை இழந்திருந்தான். தரையில் எரிந்த தடங்களைப் பார்த்து, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள் என்றார் தீயை ஆராய வந்த நிபுணர். அவர் சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன்னால், "உறுதியாத்தானே சொல்றீங்க?" என்று, அப்போது கவுன்டி வக்கீலாக வழக்கை நடத்திய மார்லிஸ் அவரைத் தனியே கேட்டாள். "கிட்டத்தட்ட" என்றார் அவர். அந்தக் 'கிட்டத்தட்ட'வை அவள் ஜூரியிடம் கொண்டு போகவில்லை. சந்தேகத்துக்கே இடமில்லை என்று சொல்லி அழுத்தமாக வாதாடினாள். கர்ட்டிஸுக்கு ஆயுள். அவளுக்கு மாநிலம் முழுக்கப் பேர். எம்மெட்டின் மனைவி இன்றைக்கும் அவளுடைய டிவி விளம்பரத்தில் வந்து, "எனக்கு நியாயம் வாங்கிக் கொடுத்தது மார்லிஸ்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

இப்போது வேறு நிபுணர்கள் வந்துவிட்டார்கள். பெட்ரோலே இல்லாமல் வெறும் சூட்டிலேயே அப்படிப்பட்ட தடம் விழும் என்கிறார்கள். வழக்கை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று கர்ட்டிஸ் மனு போட்டான். சட்டம் கொடுத்த கெடு தாண்டிவிட்டது. அரசுத் தரப்பு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நீதிபதி விசாரிப்பார். கெடு தாண்டிவிட்டது என்று ஆட்சேபித்தால் மனு படிக்கப்படாமலே மூடப்படும். ஆட்சேபிப்பதும் விடுவதும் அட்டர்னி ஜெனரலின் கையில். வெள்ளிக்கிழமை மாலை மார்லிஸ் ஆட்சேபத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை அது கோர்ட்டுக்குப் போகும். இடையில் இந்தச் சனிக்கிழமை ஊர்வலம்.

டோரீன் ஆரஞ்சு நிறச் சட்டைக்கு மேல் விசில் மாட்டிக்கொண்டு, டிராக்டர்களையும் அழகிப் பட்டம் வாங்கிய பெண்களையும் மேய்த்துக்கொண்டிருந்தாள். மார்லிஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்து போயிற்று.

"வாடி. இளைச்சுட்டியே, அங்க சோறு போடறாங்களா இல்லியா? நீ முன்னால போ. கொடிக்கு அடுத்து."

"முன்னாலயா?"

"பின்ன? எங்க ஊர்லேர்ந்து கவர்னர் ஆகப் போறவளை எங்க நிறுத்துவேன்? போடி, பேண்டுக்காரப் பசங்க காத்துட்டிருக்காங்க."

டிரென்ட் வாயெல்லாம் பல்லாக நின்றான். மார்லிஸ் காலிலிருந்த பழைய ஷூவைக் குனிந்து பார்த்தாள்.

நடந்தாள். மிட்டாய் வாளியிலிருந்து அள்ளி அள்ளி வீசினாள். குழந்தைகள் ஓடி வந்து பொறுக்கின. மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிழவர்கள் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள். "நம்ம பொண்ணுடா!" என்று யாரோ கத்தினார்கள். கவுன்டி வக்கீல் பதவிக்கு முதல் முறை நின்றபோது இதே தெருவில் அவள் பெயரெழுதிய பலகைகள் இருந்தன. எல்லாம் டோரீன் தன் வீட்டு கராஜில் உட்கார்ந்து கையால் எழுதியவை. 'டோலஃப்சன்' என்ற பெயர் பலகையில் அடங்கவில்லை என்று, "உங்கப்பன் பேரை யாரு இவ்வளவு நீளமா வைக்கச் சொன்னது" என்று திட்டித் திட்டி எழுதினாள். மார்லிஸின் அரசியல் அந்த கராஜில்தான் பிறந்தது. அதை நினைத்தபோது வீசிய மிட்டாய் கை தவறி ஒரு நாயின் மேல் விழுந்தது. ஜனங்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

முதலில் நடப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. முதலில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பிறகு மேடையில் ஊர்வலப் பொறுப்பாளர் பக்கத்தில் நின்று மீதி எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். டோரீன் குறுக்குத் தெரு வழியாக முன்பே வந்து நின்றாள். வெண்ணெய் வழியும் சோளக்கதிர் ஒன்றை மார்லிஸின் கையில் திணித்தாள்.

தீயணைப்பு வண்டிகள் போயின. பழைய டிராக்டர்கள் போயின. டோரீன் கையாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"கர்ட்டிஸ் விஷயம் உன் மேஜைக்கு வந்துடுச்சுன்னு கேள்விப்பட்டேன். நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. கேட்டா உனக்கு தர்மசங்கடம்."

"டோரீன்..."

"இருடி, சொல்லிடறேன். அவனை நான் ஒம்போது வருஷம் போய்ப் பாக்கவே இல்ல, தெரியுமா? தீர்ப்பு வந்த அன்னிக்கு நீ எங்க வீட்டு அடுப்படியில உக்காந்து, என் கையைப் பிடிச்சுட்டு, 'டோரீன், அவன்தான் பண்ணினான், மனசைத் தேத்திக்கோ'ன்னு சொன்னே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அம்மா சாகறப்போ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. அப்பவும் நான் போய்ச் சொல்லல."

மார்லிஸின் வாயில் சோளம் அப்படியே இருந்தது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"இப்பப் போறேன். மாசா மாசம். அவன்கிட்ட சொல்லியிருக்கேன், 'மார்லிஸ் படிக்காம கையெழுத்துப் போடற ரகம் இல்ல. அவளே உக்காந்து படிப்பா. தப்புன்னு தெரிஞ்சா விடமாட்டா'ன்னு. சரிதானே நான் சொன்னது?"

படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒரு வரி விடாமல் படித்திருந்தாள். அதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. வெட்கம் காது மடல் வரை சுட்டது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தி அடித்துக்கொண்டாள். வெளியே இருந்தவள் பன்னிரண்டு வருடமாகப் பதவியில் பழகிய வார்த்தையைச் சொன்னாள்.

"பாக்கறேன்."

"அது போதும்டி எனக்கு" என்றாள் டோரீன்.

கடைசியாகக் குதிரைகள் வந்தன. அவற்றின் பின்னால் அள்ளிப் போட ஆள் கிடைப்பதில்லை என்பதால், பொறுப்பாளரே மண்வாரியும் தள்ளுவண்டியுமாக இறங்குவது வழக்கம். டோரீன் மேடையிலிருந்து இறங்கி ஒரு மண்வாரியை எடுத்தாள். மார்லிஸும் இறங்கி இன்னொன்றை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்றால், அந்த மேடையில் இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் செத்துவிடுவாள் போலிருந்தது. தனக்குரிய இடத்துக்குத் தானே போய்விடலாம் என்றிருந்தது. வேறு கணக்கு எதுவும் சத்தியமாக இல்லை.

"ஐயோ, உன் பேன்ட்டு! போடி அந்தப் பக்கம்!"

"விடு டோரீன். நானும் அள்றேன்."

டோரீன் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். கண் கலங்கி, பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருந்தது என்னவென்று மார்லிஸுக்குப் புரிந்தது. வாயால் சொல்ல முடியாத பதவியில் இருப்பவள் கையால் பதில் சொல்கிறாள், கர்ட்டிஸுக்கு வழி பிறந்துவிட்டது என்று டோரீன் எடுத்துக்கொண்டுவிட்டாள். மார்லிஸும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? இரண்டு பெண்களும் சாணி வாரியபடி சிரிப்பதை மூன்று கேமராக்கள் எடுத்தன.

திரும்பும்போது காரில் மார்லிஸ் சொன்னாள்: "டிரென்ட், அந்த ஆட்சேபத்தை திங்கக்கிழமை அனுப்ப வேண்டாம். வாபஸ்."

டிரென்ட் ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "மேடம், இந்தப் படத்தைப் பாருங்க. ஒரு மணி நேரம்கூட ஆகல, மாநிலமே பகிர்ந்துட்டிருக்கு. 'சாணி அள்ளத் தயங்காத அட்டர்னி ஜெனரல்'! காசு கொடுத்தாலும் இப்படி அமையுமா? இப்பப் போய் எம்மெட் சம்சாரத்தை அழ விடுவீங்களா? எதிராளி அவளைக் கூட்டிட்டு வந்து மேடை மேடையா நிறுத்துவான். தேர்தல் முடியட்டும். முடிஞ்சதும் அந்த ஆளுக்கு என்ன வேணாலும் செய்ங்க."

"தப்பு பண்றோம், டிரென்ட்."

"தேர்தல் முடியட்டும், மேடம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபுறமும் சோளக்காடு. அவள் மறுபடி வாயைத் திறக்கவில்லை. திறக்காததையே டிரென்ட் சம்மதமாக எடுத்துக்கொண்டான், அப்படித்தான் எடுத்துக்கொள்வான் என்று அவளுக்கும் தெரியும். திங்கட்கிழமை ஆட்சேபம் கோர்ட்டுக்குப் போயிற்று. மனு மூடப்பட்டது.

டோரீன் ஒரே ஒரு தடவை ஃபோன் செய்தாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் மார்லிஸ் பிழைத்திருப்பாள்.

"ஜட்ஜ் ஒரு பக்கம்கூடப் புரட்டலையாம்."

"டோரீன், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"வேண்டாம் மார்லிஸ், நீங்க சிரமப்பட வேண்டாம். ஒண்ணே ஒண்ணுதான். உங்க தேர்தல் நோட்டீஸ்ல போட்டிருக்கற அந்தப் படத்துல நானும் இருக்கேன். என்னை எடுத்துடுங்க."

நாற்பது வருடத் தோழி அவளை 'நீங்க' என்றாள். மார்லிஸ் டிரென்ட்டைக் கூப்பிட்டுச் சொன்னாள். படத்தை ஒரு பக்கம் வெட்டினார்கள். ஆரஞ்சுச் சட்டையின் முழங்கை மட்டும் ஓரத்தில் தங்கிவிட்டது. அதை வெட்டினால் மார்லிஸின் மண்வாரியும் போய்விடும் என்றார்கள்.

நவம்பரில் ஜெயித்தாள். நன்றாகவே ஜெயித்தாள். அந்தப் படம் கவர்னர் அலுவலகத்தில் பெரிதாகச் சட்டமிட்டு மாட்டப்பட்டது. வருகிறவர்களெல்லாம் அதைப் பார்த்து உச்சி குளிர்ந்து போனார்கள். மார்லிஸ் அந்தப் பக்கம் நடக்கும்போது பார்வையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தாள். கைதிகளை மன்னித்து விடுவிக்கும் அதிகாரம் இப்போது அவள் கையிலேயே இருந்தது. கர்ட்டிஸ் பெயரை எடுத்தால் டிரென்ட், "பட்ஜெட் முடியட்டும்" என்றான். அது முடிந்ததும், "எம்மெட் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்ல, கொஞ்சம் போகட்டும்" என்றான். அவளும் போகட்டும் என்று விட்டாள். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? கையெழுத்துப் போடும் கை அவளுடையது.

மறுகோடையில் சோளத் திருவிழா வந்தது. மார்லிஸ் தானே ஃபோன் செய்தாள். புதுப் பொறுப்பாளர் வர்ஜில் ஸ்ட்ரௌட், ஊரில் டிராக்டர் விற்பவர்.

"கவர்னரம்மாவே பேசறீங்களா! உங்களுக்கு வழக்கமான இடம்தான், முன்னால."

"இல்லைங்க. என்னைக் குதிரைகளுக்குப் பின்னால போடுங்க."

எதிர்முனையில் வர்ஜில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது மட்டும் முடியாதுங்க! நீங்க போட்ட போட்டுல அந்த இடத்துக்கு இப்ப அடிதடி. ரெண்டு செனட்டர், ஒரு மேயர், அப்புறம் புதுசா அட்டர்னி ஜெனரல் ஆனாரே, அவரும் கேட்டிருக்கார். எல்லாருக்கும் மண்வாரியோட படம் வேணுமாம். நாங்க புது மண்வாரி வாங்கி ரிப்பன் கட்டி வெச்சிருக்கோம்."

"டோரீன் வருவாளா?"

சிரிப்பு நின்றது. "அவ அந்தப் பொறுப்பை விட்டுட்டா. சனிக்கிழமைல்ல, தம்பியைப் பாக்கப் போயிருப்பா."

மார்லிஸ் முன்னால் நடந்தாள். முன்னால் போய்ச் சேர்ந்து மேடையில் நின்றாள். யாரோ ஒரு சோளக்கதிரைக் கொடுத்தார்கள். கடைசியில் குதிரைகள் வந்தன. அவற்றின் பின்னால், தேய்த்த சட்டையும் பளபளக்கும் மண்வாரியுமாகப் பெரிய மனிதர்கள் நாலு பேர், கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். நடுவில் வந்த அட்டர்னி ஜெனரல் மேடையைப் பார்த்துக் கையை உயர்த்தி, "உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன், மேடம்!" என்று கத்தினார்.

ஊரே திரும்பி மார்லிஸைப் பார்த்தது. அவள் கதிரைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள்.