இரண்டு லேடி ஹார்விங்டன்கள்

மணவிலக்கு முடிந்து வீட்டைக் காலி செய்த அன்று டெஸ்மண்ட் மண்வெட்டியோடு தோட்டத்துக்குள் போனான். 'லேடி ஹார்விங்டன்' என்ற ரகத்து ஐரிஸ் பூச்செடிப் புதரை நடுவில் வெட்டிப் பிளந்து, பாதியைக் கிழங்கும் மண்ணுமாகச் சாக்கில் கட்டிக்கொண்டு ஹெரிஃபோர்ட் நகரின் மறுகோடிக்குப் போய்விட்டான். மற்றப் பாதி ம்யூரியலுக்கு. பிள்ளையில்லாத அவர்களுக்குப் பங்கு பிரிப்பதில் தகராறு வந்தது அந்தச் செடிக்கு மட்டும்தான்.

பல வருடம் கழித்து, ஜூன் மாத மலர்க் கண்காட்சியில் ம்யூரியல் தன் ஜாடியை மேசையில் வைத்தாள். பக்கத்து ஜாடியின் அட்டையிலும் அதே 'லேடி ஹார்விங்டன்'. அருகில் டெஸ்மண்ட். இரண்டு பூவுக்கும் செம்பு நிறம்தான். ஆனால் தொங்கும் இதழில் மயிர்க்கோடாக ஓடுமே, தோட்டக்காரர்கள் தாடி என்பார்களே, அது அவளுடையதில் நீலம், அவனுடையதில் ஆரஞ்சு.

"இதுவா லேடி ஹார்விங்டன்? கோமாளி மாதிரில்ல நிக்குது" என்றாள்.

"உன் வீட்டுல எது இருந்தாலும் முகம் நீலம் பாரிச்சுத்தான் போகும். எனக்கும் அப்படித்தான் போச்சு."

நடுவராக வந்த மிஸ் காட்டெரில் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "சண்டையை நிறுத்துங்க. மண்ணு மாறினா உயரம் மாறும், நிறம் கொஞ்சம் வெளுக்கும். தாடி இப்படி மாறாது. ரெண்டுல ஒண்ணு வேற செடி. ஆளுக்கொரு கிழங்கு குடுங்க. என்கிட்ட இருக்கறதுக்குப் பக்கத்துலயே நட்டுப் பாத்துடலாம்."

அவளிடம் இருந்தது, அந்த ஐரிஸை உருவாக்கியவரே கொடுத்த செடி.

முதல் வருடம் கிழங்குகள் பூக்கவில்லை. டெஸ்மண்ட் தோற்று நிற்கும்போது என்ன சொல்லலாம் என்று ம்யூரியல் பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஜூனில் இருவரையும் மிஸ் காட்டெரில் கூப்பிட்டு அனுப்பினாள். பாத்தியில் மூன்று செடிகளும் பூத்திருந்தன. இரண்டில் ஆரஞ்சுத் தாடி. நீலம் அவளுடையது மட்டும்.

"விதைக்காயைக் கிள்ளிடுவீங்களா?" என்று மிஸ் காட்டெரில் கேட்டாள்.

"அதெல்லாம் இவன் வேலை. இவன் போனப்புறம் நான் கண்டுக்கல."

"அதான் விஷயம். விதை கீழ விழுந்து முளைச்சிருக்கு. குட்டி வேகமா வளர்ந்து தாயை நெருக்கித் தள்ளிடுச்சு. கிழங்குல வர்றதுக்குத்தான் அதே பேரு. விதையில வர்றது வேற ஆளு."

ம்யூரியல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடமும் யாரோ ஒரு அந்நியச் செடிக்கா உரம் போட்டோம்! டெஸ்மண்டின் சிரிப்புக்குக் காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. குத்துக்காலிட்டு அவளுடைய செடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பூ ஜாஸ்தி, ம்யூரியல்."

"பரிதாபப்படாதே."

"பரிதாபமா? வயித்தெரிச்சல்! நேத்து அடிச்ச மழையில என்னோடது தலை சாஞ்சு கிடக்கு, பாரு. இது குச்சி கூட இல்லாம நிக்குது."

அவள் எழுந்து வந்து பார்த்தாள். உண்மைதான்.

"இதுக்கு இன்னும் பேரே கிடையாது. உங்க தோட்டத்துல பிறந்தது, நீங்கதான் வைக்கணும்" என்றாள் மிஸ் காட்டெரில்.

"'பிடிவாதக்காரி'ன்னு வை. வளர்த்தவ குணம்" என்றான் டெஸ்மண்ட்.

ம்யூரியலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் எதிரில் சிரித்து எத்தனையோ காலமாயிற்று.

அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தட்டை நீட்டிக்கொண்டு பிள்ளைகள் தினமும் கேட்பதையே பெயராக வைத்தாள்: 'இன்னொரு கரண்டி'.

மறுவருடக் கண்காட்சியில், விதையிலிருந்து வந்த புது ரகங்களின் மேசையில் அதற்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. கடந்து போனவர்கள் அட்டையை வாய்விட்டுப் படித்துச் சிரித்தார்கள், பிறகு குனிந்து பூவைப் பார்த்தார்கள். கிழங்கு கேட்டவர்களிடமெல்லாம் ம்யூரியல், "ஆகஸ்ட்ல வாங்க, தோண்டித் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.