வாசனை இல்லாத வீடு

பேருந்து ஓட்டுநருக்கு இருபத்தாறு வருடமாகப் பிரேக்கும் கிளட்சும் அத்துப்படி. குளியலறையை எப்படிக் கழுவுவது என்று மட்டும் தெரியாது. அது அவர் மனைவியின் ராஜ்ஜியம். வாரம் தவறாமல் தேய்ப்பாள். மூக்கைத் துளைக்கிற நெடி வந்தால்தான் "இப்பதான் சுத்தம்" என்பாள்.

ஒன்பது நாளைக்கு முன்னால், கறை போகவில்லை என்று ஆசிட்டின் மேலேயே ப்ளீச்சையும் ஊற்றிவிட்டாள்; இரண்டும் கலந்து விஷப்புகை கிளம்பிவிட்டது. சாத்திய கதவுக்குள் இருமல் கேட்டு ஓட்டுநர் ஓடிப் போய்த் திறந்தபோது, வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே ஆஸ்துமா இழுப்பு உள்ளவள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் ஆக்ஸிஜன் வைத்துத்தான் தேற்றினார்கள்.

"வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போங்க," என்றார் டாக்டர். "ஆனா வீட்ல ஆசிட், ப்ளீச், வாசனை ஸ்ப்ரே எதுவும் இருக்கக் கூடாது. தூசியும் இருக்கக் கூடாது."

"அப்ப எதை வெச்சு சார் கழுவுறது?"

"வெந்நீர், சாதாரண சோப்பு, சமையல் சோடா. உப்புக்கறைக்குக் கொஞ்சம் வினிகர், அதுவும் ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு. மத்ததெல்லாம் கைவேலைதான்."

ஓட்டுநர் மூன்று நாள் லீவு போட்டார். செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலையாகப் பாட்டில்களைத் தேடி எடுத்தார். சிங்குக்கு அடியில், கழிவறைத் தொட்டிக்குப் பின்னால், பீரோ மேல் என்று பதினொன்று தேறின. ஆசிட்டைத் தனியாகவும் ப்ளீச்சைத் தனியாகவும் கட்டி, அபாயகரமான குப்பை வாங்குகிற இடத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்தபோது கொழுந்தியாள் வாசலில் நின்றாள். மனைவியின் தங்கை, தையல் கடை வைத்திருப்பவள். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். கையில் பெரிய நீல பாட்டில்.

"அக்கா வர்றதுக்குள்ள வீட்டைக் கண்ணாடி மாதிரி ஆக்கிடலாம் மாமா."

"அந்தப் பாட்டில் வெளியிலேயே இருக்கட்டும்மா."

"இது லேசானதுதான். லாவெண்டர் வாசனை."

"வாசனையே வேண்டாம்னுட்டார் டாக்டர்."

"வாசனை இல்லாம சுத்தமாச்சுன்னு எப்படி மாமா தெரியும்?"

அவருக்கும் அதே சந்தேகம்தான். "கண்ணால பாத்துதான்," என்று சொல்லிவைத்தார்.

சமையலறையில் ஆரம்பித்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சிங்கில் ஓட்டுநர் சோடாவைக் கொட்டி, அதன் மேல் வினிகரை ஊற்றினார். புசுபுசுவென்று நுரை பொங்கியது. தானே கண்டுபிடித்த மாதிரி பெருமையாகப் பார்த்தார். நுரை அடங்கியது. பிசுக்கோ, மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போல இடத்தைவிட்டு அசையவில்லை.

கொழுந்தியாள் போனில் தேடிப் பார்த்தாள். "ரெண்டையும் கலந்தா ஒண்ணோட வேலையை ஒண்ணு கெடுத்துடுமாம் மாமா. தனித்தனியாத்தான் போடணுமாம்."

கலப்பது என்ற பேச்சு வந்ததும் ஓட்டுநர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த தேங்காய் நாரைச் சிங்கிலேயே போட்டார்.

"அன்னைக்குக் கதவைச் சாத்தச் சொன்னது நான்தாம்மா," என்றார். "காலை ஷிப்டு முடிச்சிட்டு வந்து படுத்திருந்தேன். நெடி தாங்கலை, சாத்திக்கோன்னு கத்தினேன். அவளும் சாத்திக்கிட்டா."

"அக்கா சொல்லவே இல்லையே."

"அதுதான் இன்னும் உறுத்துது."

கொழுந்தியாள் ஆறுதல் சொல்கிற ரகமில்லை. வெந்நீரைச் சிங்கில் ஊற்றி, சோப்பைப் போட்டாள். "நாரை எடுங்க மாமா. தேய்ச்சுக்கிட்டே பேசலாம்."

தேய்த்தார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கைகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார்கள். தலையணைகளை மொட்டைமாடி வெயிலில் போட்டுப் புரட்டினார்கள். தூசியைத் தட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார்கள். குளியலறை டைல்ஸ் இடுக்குக் கறுப்பைப் பழைய பல்துலக்கியும் குழைத்த சோடாவுமாக ஓட்டுநர் ஒரு பகல் முழுக்கச் சுரண்டினார். இடுப்பு கழன்றது. ஆனால் வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்த குழாய், உப்பெல்லாம் உதிர்ந்து புதுசு போல மின்னியபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தெம்பில்தான் புதன்கிழமை சாயங்காலம் சமையல் மேடை முழுக்க வினிகரை ஊற்றி ஊறவிட்டார். வெள்ளை மார்பிள். மனைவி நாலு கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த கல். துடைத்துப் பார்த்தால் பளபளப்பு போய், திட்டுத் திட்டாக மங்கிக் கிடந்தது. சோப்பு போட்டார், எண்ணெய் தடவினார், ஒன்றுக்கும் மசியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மனைவி வந்தாள். வாசலில் நின்று மூச்சை மெதுவாக இழுத்துப் பார்த்தாள்.

"என்னங்க, ஒண்ணுமே மணக்கலையே. கழுவுனீங்களா இல்லையா?"

"தொட்டுப் பாரேன்."

பீரோவுக்குப் பின்னால், கதவு இடுக்கில், கட்டிலுக்கு அடியில் என்று விரலை ஓட்டினாள். விரல் தூசி ஒட்டாமல் சுத்தமாகவே திரும்பி வந்தது. தங்கையைப் பார்த்தாள். "நான் கூடமாட நின்னேன், அவ்வளவுதான்," என்றாள் தங்கை.

சமையலறைக்குப் போனவள் மேடை முன்னால் நின்றுவிட்டாள்.

"வினிகர்," என்றார் ஓட்டுநர். "கல்லைத் தின்னும்னு தெரியாமப் போச்சு. அப்புறம்... அன்னைக்குக் கதவைச் சாத்துன்னு நான் சொன்னது..."

"அதைப் பத்தி எனக்குக் கோபம் இருக்கு," என்றாள் அவள். "பேச இப்ப மூச்சு இல்லை. இருக்கும்போது பேசுறேன்."

பேசினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் குளியலறையைத் தேய்த்துக்கொண்டிருக்க, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நடு நடுவே மூச்சு வாங்கி, கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்த கணக்கையும் பேசினாள். அவர் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார். கடைசியில், "பைப்புக்குப் பின்னாடி விட்டுட்டீங்க பாருங்க," என்றாள். அவர் கையை நீட்டித் தேய்த்தார்.

மேடையை ஆள் வைத்துப் பாலிஷ் போட்டும் பழைய பளபளப்பு முழுதாக வரவில்லை. அந்த மாதம் அவளுக்கு இழுப்பு ஒரு தடவைதான் வந்தது, அதுவும் லிஃப்டில் யாரோ அடித்திருந்த சென்ட்டால். குளியலறை ஓட்டுநருக்கே என்று ஆகிவிட்டது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கழுவுகிறார்.