வெள்ளிக்கிழமை வலிக்காத வயிறு

1.

இந்தக் கதையை நான் ஒரு கல்யாணப் பந்தியில் திருடினேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், பக்கத்து இலைக்காரம்மா யாரிடமோ, "எங்க தம்பி மகளுக்கு வெள்ளிக்கிழமைன்னா வயிறு வலிக்காது" என்று பெருமையாகச் சொன்னார். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. மேற்கொண்டு காதில் விழவில்லை. ஆகவே மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2.

தொடக்கம் ஒன்று: 1991-ஆம் ஆண்டு, கிள்ளானில், வலியில் வாடிய ஒரு பிஞ்சு மலர்...

(அடித்துவிட்டேன். பத்து வயது சீதாலெட்சுமியைப் பிஞ்சு மலர் என்றால் கடித்துவைப்பாள்.)

தொடக்கம் இரண்டு: வலி வந்தால் சீதா அழமாட்டாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்துகொள்வாள். அப்போதுதான் கொஞ்சம் தணியும். மத்தியானம் சாப்பிட்டால் வலி. சாப்பிட்டதும் டியூஷன். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் அப்பா ஜெயராஜ் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்.

"டியூஷன்னாதான் வலிக்குது. நல்லா நடிக்கிறா லா."

வயிற்றைவிட இந்தச் சொல்தான் அவளுக்கு அதிகம் வலித்தது. வாசகரே, இங்கே கோடு போட்டுக்கொள்ளுங்கள். வீடு அவளை நம்புமா என்பதுதான் கதை.

3.

அத்தை மாரியாயியை வில்லியாக்கத்தான் நினைத்திருந்தேன். அம்மா பகலில் தொழிற்சாலைக்குப் போவதால் சமையல் அத்தை கையில். வெள்ளிக்கிழமை வலி வராதது அம்மன் அருள் என்பது அவர் கட்சி. மற்ற ஆறு நாளையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி அம்மனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. சீதாவைக் கையோடு கோலாலம்பூர் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப்போய், யாழ்ப்பாணத் தமிழ் பேசும் டாக்டர் பாலசுந்தரத்திடம் டியூஷன் புகாரோடு அதே பெருமையையும் அவிழ்த்துவிட்டார்.

டாக்டர் பேனாவை மூடினார். "வெள்ளியிலயும் டியூஷன் இருக்கோ?"

"இருக்கு சார்."

"அப்ப பிள்ளை நடிக்கேல்லை. வெள்ளியில என்ன சமைப்பியள்?"

"ரசம், கீரை. எண்ணெய்ச் சட்டியத் தொடவே மாட்டேன்."

மற்ற நாட்களின் பட்டியலை அத்தை மகிழ்ச்சியோடு சொன்னார். பொரித்த மீனுக்கு வருவதற்குள் டாக்டர் பரிசோதனைகளுக்கு எழுதிவிட்டார்.

4.

(இது பாடப்புத்தகம் போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) கணையம் இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும். சாப்பாடு செரிக்க நீர் சுரக்கும். கருவில் இரண்டு துண்டாகத் தோன்றி ஒன்றாகச் சேரும். சிலருக்கு உள்குழாய்கள் மட்டும் இணையாமல் நின்றுவிடும். அவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் தொல்லையில்லை. சீதாவுக்கோ முக்கால்வாசி நீரும் ஒரு சின்ன வாசல் வழியாகவே வெளியேற வேண்டியிருந்தது. எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்ட நாளில் நீர் அதிகம் சுரந்து, தேங்கித் தேங்கிக் கணையம் வீங்கியது.

அடுத்த முறை ஜெயராஜும் வந்திருந்தார். "நூறு லோரிக்கு ஒரே கேட்டத் தொறந்து வச்ச மாதிரியா?" என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்றார் டாக்டர்.

வீடு திரும்பும் வழியில் ஜெயராஜ் கிள்ளான் பாலம் தாண்டியதும், "டியூஷன நிப்பாட்டிரவா?" என்றார்.

"வேணாம்பா. எனக்கு டியூஷன் புடிக்கும்."

5.

வாய்வழியாகக் குழாய் விட்டு அந்த வாசலைச் சற்று அகலப்படுத்தினார்கள். "இனி வராதெண்டு சொல்ல ஏலாது. கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிட்டுத்தான் பாக்கோணும்" என்றார் டாக்டர்.

முடிவு அ: வலி பறந்துபோகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். (கல்யாண வீடியோ.)

முடிவு ஆ: வலி திரும்பி வருகிறது. (நடக்கக்கூடியது. எழுதக் கை வரவில்லை.)

முடிவு இ: வாரம் ஏழு நாளும் வெள்ளிக்கிழமை. (அத்தைக்குச் சம்மதம். சீதா முறைக்கிறாள்.)

ஆகவே இவ்வளவுதான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் அனுமதித்த ஒரே ஒரு துண்டு பொரித்த மீன் தட்டில். அத்தை கையில் திருநீறு. அப்பா சாப்பிடாமல் நிற்கிறார்.

"எல்லாரும் என் வயித்தையே பாக்காதீங்க. வலிச்சா நானே சொல்றேன்."

"சொல்லும்மா. நம்புறோம்" என்றார் ஜெயராஜ்.

சீதா முள் எடுத்து மீனை வாயில் போட்டுக்கொண்டாள். நிதானமாக மென்றுகொண்டிருக்கிறாள். மிச்சம் உங்கள் கையில். ஒரு நிபந்தனை: நீங்களும் அவள் வயிற்றையே பார்க்காதீர்கள். வலித்தால் அவளே சொல்வாள்.