மூச்சு வகுப்பு

காய்ச்சல் ஊரையே வாரிச் சுருட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் ஆஸ்பத்திரி மேலதிகாரிக்கு நர்ஸுகள் மேல் கரிசனம் பொத்துக்கொண்டு வந்தது. கூடுதலாக ஆள் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அவர்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஆள் வரவில்லை, மூச்சு வகுப்பு வந்தது. மனபாரம் குறைய அரை மணி நேரம், எல்லோரும் கட்டாயம் வந்தாக வேண்டும். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

கீழ் வார்டு நர்ஸுக்கு இருந்த மனபாரம் ஒன்றே ஒன்றுதான். அது மாடி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தது. அவளைப் பெற்ற அம்மா. அடைக்கிறது, பிடுங்குகிறது என்று அந்த மாஸ்க்கை நொடிக்கொரு தரம் கழற்றிப் போடுவாள். மகள் வந்து ஓர் அதட்டல் போட்டால் சின்னப்பிள்ளை போல மாட்டிக்கொள்வாள். இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் மகள் மாடிக்கு ஓடுவாள். மற்ற நேரத்துக்கு மாடி வார்டு நர்ஸ் அக்கா இருந்தாள். அத்தனை கட்டிலுக்கும் அவள் ஒருத்திதான், ஆனாலும் முகம் கோணாமல் பார்த்துக்கொண்டாள்.

அன்று மாடிக்கு ஓடியவளை மேலதிகாரி படியிலேயே மறித்தார். முதலில் வகுப்பு, அப்புறம் அம்மா என்றார். அவளுக்கு வயிறெரிந்தது. அதுதான் அக்கா மேலே இருக்கிறாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனாள்.

கூடத்தில் எல்லோரும் ஏற்கெனவே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரி முகக்கவசம், யார் எவரென்றே தெரியவில்லை. பயிற்சிக்காரர் குரலில் தேன் ஒழுகியது. ஆழமாக இழுக்கச் சொன்னார், மெல்ல விடச் சொன்னார். அவளும் இழுத்தாள், விட்டாள். பாழாய்ப்போன உடம்புக்குச் சுகமாகத்தான் இருந்தது.

கண்ணைத் திறக்கச் சொன்னதும் முன்வரிசையில் ஒருத்தி முகக்கவசத்தை இறக்கி முகத்தைத் துடைத்தபடி திரும்பினாள். மாடி வார்டு அக்கா.

"நீ மேல இல்லையா?" என்று பதறினாள் அக்கா. "இது உன் இடைவேளை நேரமாச்சே. நீ அங்க இருப்பேன்னு நம்பித்தானேடி வந்தேன்."

இருவரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். மாஸ்க் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. ஆக்சிஜன் உஸ்ஸென்று வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் கையில் சூடு இருந்தது, மூச்சு இல்லை.

அக்காவைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவளையும் இப்படித்தானே மறித்துக் கூட்டிப்போயிருப்பார்கள்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியவளை மேலதிகாரி அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உள்ளபடியே வருத்தப்பட்டார், அதில் பொய்யில்லை. அவளுடைய மனம் ஆற அவளுக்கென்றே தனியாக ஒரு வகுப்பு வைத்திருப்பதாகச் சொன்னார்.

"வர்றேன் சார்," என்றாள் அவள். "அந்த நேரம் என் வார்டை யாரு பாப்பாங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். மாடி வார்டு நர்ஸை ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்றார்.