இன்னும் ஒரு தடவை

துப்பாக்கி தானாக வெடித்துவிட்டது என்று ராய்ஸ் டில்லரியிடம் சொன்னவன் அன்றைக்குத் தொலைந்தான். சால்ட்வெல் ஊரில் பாதிப் பேர் இடுப்பில் கைத்துப்பாக்கி இருக்கும். அதை எப்படி வைத்துக்கொள்வது, எப்போது தொடவே கூடாது என்று அந்த ஊருக்குப் பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொடுத்து வருபவர் ராய்ஸ். தாமிரச் சுரங்கத்தில் இயந்திர பாகங்களை அளந்து கடையும் மெஷினிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். அரிசோனா வெயில் அவர் கழுத்தைச் செங்கல் நிறத்துக்குச் சுட்டு வைத்திருந்தது.

அவர் வகுப்பில் 'விபத்து' என்று சொல்லக் கூடாது. வாய் தவறிச் சொன்னால் எழுந்து போய் அந்த வார்த்தையைப் பலகையில் எழுத வேண்டும், பிறகு எழுதினவரே அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் 'அலட்சியம்' என்று எழுத வேண்டும். கிண்டல் செய்வார்கள்தான். ஆனால் அவர் துப்பாக்கியை நீட்டி, அதன் முனையில் ஒரு காலித் தோட்டாக் கூட்டை நிற்க வைத்து, கூடு விழாமல் விசையை இழுத்துக் காட்டும்போது கிண்டல் பேசின வாயெல்லாம் மூடிக்கொள்ளும். அப்படி ஒரு கை. அறுபத்து மூன்று வயதிலும் ஆடாத கை.

அந்தக் கைக்குக் காரணம் தினப்படிப் பழக்கம். தோட்டா இல்லாத வெறும் துப்பாக்கியை உருவி, சுவரில் ஒட்டின சிவப்புப் பொட்டைக் குறி வைத்து, 'டிக்' என்று விசையை இழுப்பது. இதற்கும் அவரிடம் சட்டம் உண்டு. பழகும்போது தோட்டாக்கள் அடுத்த அறையில் இருக்க வேண்டும். பழகி முடித்ததும் 'முடிந்தது' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். தோட்டா போட்ட பிறகு அந்தப் பொட்டின் முன்னால் போய் நிற்கவே கூடாது. "இன்னும் ஒரே ஒரு தடவைன்னு ஒரு ஆசை வரும். கைப்பழக்கம் உள்ளவனுக்குத்தான் வரும், புதுசா வாங்கினவனுக்கு வராது. அந்த ஆசைதான் ஆளக் கொல்லும்" என்பார்.

அந்த வியாழக்கிழமை காலையில் அவர் மனைவி நடீன், "பால் தீந்து போச்சு, இன்னைக்கு கிரேவி கிடையாது" என்றாள். சூடான பன்னின் மேல் பாலில் காய்ச்சின வெள்ளை கிரேவி ஊற்றாமல் ராய்ஸுக்குப் பொழுது விடியாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நாக்கு நாலு முழம் உனக்கு" என்று முனகிக்கொண்டே நடீன் பின்கட்டு வழியாக வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் கிரேவி மேஜைக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. தின்பதில் மும்முரமாக இருந்தார்.

சாயங்காலம் நாலே முக்காலுக்குப் பழக்கத்தை முடித்தார். 'முடிந்தது' என்று சொன்னார். அடுத்த அறைக்குப் போய்த் தோட்டாக்களைப் போட்டு, துப்பாக்கியை இடுப்பில் செருகினார். அந்த நேரம் பார்த்து பர்ல் கிம்ஸியின் போன் வந்தது. பர்ல் அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதன், துப்பாக்கிக் கிளப்பின் செயலாளர், வாயால் மட்டுமே சுடுகிறவன்.

"டேய் ராய்ஸ், பேப்பர் பாத்தியா? கதவத் தட்டினவனச் சுட்டான் பாரு ஒருத்தன், அவன உள்ள தூக்கிப் போட்டுட்டானுங்க. சொந்த வீட்ல நின்னு தன்னக் காப்பாத்திக்கறது தப்பாடா?"

"தட்டினவன் யாருன்னு பாத்தானா?"

"பாத்துட்டு நின்னா இவன் செத்திருப்பான்."

"குடிச்சுட்டு வீடு மாறி வந்த கிழவன்டா அது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாம சுடறவன் கையில துப்பாக்கி இருக்கக் கூடாது."

"நீ ஒருத்தன் போதும். அரசாங்கம் வந்து நம்ம துப்பாக்கியெல்லாம் புடுங்கவே வேணாம்."

"புதுச் சட்டம் வேணாம்னு நானும்தான் கத்தறேன். இருக்கற சட்டத்த ஆள் பாக்காமப் போடுன்னுதான் சொல்றேன். நம்ம ஆளு, நல்லவன், தெரியாமப் பண்ணிட்டான்னு விட்டு விட்டுத்தான் ஊரே நம்மளக் காறித் துப்புது."

"நாளைக்கு உனக்கே ஒண்ணு ஆனா இப்பிடிப் பேசுவியா?"

"எனக்கு எதுக்குடா ஆகுது?"

போனை வைத்தபோது காது சூடாக இருந்தது. பர்லிடம் சொல்லாமல் விட்ட பதில்கள் எல்லாம் தொண்டையில் நின்றன. நேராகப் படுக்கையறைக்குப் போனார். சிவப்புப் பொட்டு எதிரே இருந்தது. கை தானாக இடுப்புக்குப் போனது, உருவியது, நீண்டது, விரல் மடங்கியது.

'டிக்' என்ற சத்தம் வரவில்லை.

அறை முழுக்க வெடித்தது. காது 'கொய்ங்' என்றது. பொட்டு இருந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அந்தச் சுவர் மரச்சட்டத்தில் பலகை அடித்த சுவர். அதற்கு அந்தப் பக்கம் பத்தடி சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஒஃபேலியா பிராகமான்டேயின் சமையலறை. வகுப்பில் எல்லோரிடமும் செங்கல் சுவரைப் பார்த்துத்தான் பழகச் சொல்வார். அவருக்கு மட்டும் இந்தச் சுவர் போதுமாயிருந்தது.

மணி ஐந்து. ஐந்து மணிக்கு ஒஃபேலியா என்ன செய்வாள் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் அவசரச் சிகிச்சை நர்ஸ். ராத்திரி டியூட்டிக்குக் கிளம்பும் முன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து காபி குடிப்பாள். பதினோரு வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இரண்டு பேரும் துப்பாக்கியைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். "நீங்க பாக்கறது தாள்ல விழற ஓட்டை, ராய்ஸ். நான் பாக்கறது ஆள் மேல விழற ஓட்டை" என்பாள். ஆனாலும் ஊருக்குப் போகும்போது மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வீட்டுச் சாவியை அவரிடம்தான் கொடுப்பாள்.

துப்பாக்கியை வெறுமையாக்கி மேஜையில் வைத்துவிட்டு, அந்தச் சாவியோடு ஓடினார். அவள் கார் வாசலில் நின்றது. வீட்டில்தான் இருக்கிறாள். "ஒஃபேலியா!" என்று கத்தினார். பதில் இல்லை. கதவைத் தட்டினார். பதில் இல்லை. தெருக்கோடியில் ஒரு நாய் மட்டும் குரைத்தது. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார்.

சமையலறையில் யாரும் இல்லை.

மேஜை மேல் கோப்பை இருந்தது, சர்க்கரை இருந்தது, கரண்டி இருந்தது. காபிப் பாத்திரத்திலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. நாற்காலி கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியிருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி. சுவரில் ஒரு ஓட்டை. எதிரே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு ஓட்டை. ராய்ஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மனசு என்பது கேடுகெட்டது. உயிர் போகவில்லை என்று தெரிந்த உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ஊருக்குள் சுட்டால் பெரிய குற்றம். தீர்ப்பு எதிராக வந்தால் துப்பாக்கி போகும், வகுப்பு போகும், பெயர் போகும். யாரும் பார்க்கவில்லை. சுவருக்கு ஒரு கரண்டிப் பூச்சு போதும். ஃபிரிட்ஜ் கதவில் கள்ளிச்செடி வடிவத்தில் ஒரு காந்தப் பொம்மை ஒட்டியிருந்தது. எழுந்து போய் அதை நாலு விரற்கடை நகர்த்தினார். ஓட்டை மறைந்தே போயிற்று. அளவெடுத்துச் செய்தது போல மறைந்தது.

அதைப் பார்த்தபோது அவருக்கு உடம்பு கூசியது. பொம்மையைப் பழைய இடத்திலேயே வைத்தார். பிறகு, மெஷினிஸ்ட் புத்தி, சட்டைப் பையில் கிடந்த நூல்கண்டை எடுத்தார். ஒரு முனையைச் சுவர் ஓட்டையில் செருகினார். நூலை இழுத்துக்கொண்டுபோய் மறுமுனையை ஃபிரிட்ஜ் ஓட்டையில் ஒரு குச்சியால் இறுக்கினார். வெள்ளை நூல் சமையலறையின் குறுக்கே விறைப்பாக நின்றது. அது நாற்காலிக்கு மேலே போயிற்று.

நாற்காலியின் முதுகுக்கு ஒரு சாண் மேலே. உட்கார்ந்திருக்கும் ஆளின் தொண்டைக்கு நேராக.

வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தோட்டாக்களைச் சுட்டிருப்பார், ஒன்று போகிற வழியை இப்படிக் கண்ணால் பார்த்ததில்லை. இத்தனை மெல்லியது. இதற்கு இந்தப் பக்கம் ஒரு வாழ்க்கை, அந்தப் பக்கம் ஒரு பிணம். யாரோ ஒரு பெரிய கை வந்து அவளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, நாற்காலியை மட்டும் விட்டுவிட்டுப் போனது போல இருந்தது. சர்ச்சில் தூங்கி வழிகிற மனிதர், தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றினார்.

வாசலில் காலடி கேட்டது. ஒஃபேலியா கையில் கடைப் பையோடு உள்ளே வந்தாள். அவரைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள், இரண்டு ஓட்டைகளையும் பார்த்தாள். எட்டு வருஷம் குண்டடி பட்டவர்களோடு வேலை பார்த்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"உங்களுதா?"

"என்னுதுதான். அஞ்சு மணிக்கு. தோட்டா போட்டுட்டு..." நாற்காலியைக் காட்டினார். "நீ எங்க போன?"

"பால் இல்ல. கடைக்கு நடந்து போனேன்." அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு ராய்ஸ் எதிர்பார்க்காததைச் செய்தாள். நூலுக்கு அடியில் குனிந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நூல் அவள் தொண்டையில் பட்டது. எச்சில் விழுங்கினாள், நூல் அசைந்தது. கண்ணை மூடி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு எழுந்தாள்.

"இப்ப நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். அவர் அவளைவிட உயரம், நூல் மார்பெலும்பில் நின்றது.

"திட்டு, ஒஃபேலியா. ஏதாவது சொல்லு."

"திட்ட என்ன இருக்கு? பதினோரு வருஷமாத் திட்டியாச்சு. போலீசுக்கு நான் போன் பண்ணப் போறதில்ல. ஓட்டைய அடைக்கிறதா இருந்தா அடைச்சுட்டுப் போங்க, நான் வாயத் திறக்க மாட்டேன். நீங்க யாருன்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

நூல் நெஞ்சில் பட்டபடியே ராய்ஸ் போனை எடுத்தார்.

வந்தது கெண்ட்ரா யோஸ்ட். ஊர்ப் போலீசில் ஆறு வருஷம், அதற்கு முன்பு அவர் வகுப்பில் முதல் வரிசை. நூலைப் பார்த்ததும் அவளும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள். பேனா தாளைத் தொடவில்லை.

"சார், தொடைக்கும்போது தவறி வெடிச்சுதுன்னா... யாருக்கும் அடியும் படல. விபத்துன்னு எழுதிக்கறேன். மேல இருக்கறவங்களும் உங்க ஆளுங்கதான், கேக்க மாட்டாங்க."

ராய்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளுக்குக் கழுத்துவரை சிவந்துபோயிற்று.

"அந்த வார்த்தைய அழி, கெண்ட்ரா."

"சார், நான் இன்னும் எழுதவே இல்ல."

"மனசுல எழுதிட்ட. அழிச்சுட்டு சரியானத எழுது."

அவள் எழுதினாள். எழுத்து எழுத்தாக, மெதுவாக. "துப்பாக்கி எல்லாத்தையும் நான் எடுத்துட்டுப் போகணும் சார். கோர்ட்ல முடியற வரைக்கும் வகுப்பும் கூடாது. அப்புறமும் திரும்பக் கிடைக்குமான்னு தெரியாது" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"தெரியும். எல்லாருக்கும் நான்தானே சொல்லிக்கொடுத்தேன்."

அப்போது பின்வாசலில் நடீனின் குரல் கேட்டது. கடைத்தெருவிலிருந்து வீடு திரும்பி இங்கே வரக் கிளம்பினவள், வாசலில் போலீஸ் வண்டியைப் பார்த்து, யாருக்கோ உடம்புக்கு என்னவோ என்று பதறி வந்திருந்தாள். கையில் ஒரு கோப்பை, மேலே ஒரு தட்டு மூடியிருந்தது.

"என்ன ஆச்சு? எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க?" உள்ளே வந்து ஒஃபேலியாவைக் கண்டதும் மூச்சு விட்டாள். "மன்னிச்சுக்கம்மா. காலைல இந்த மனுஷன் கிரேவி கிரேவின்னு மூஞ்சியத் தூக்கவும் உங்கிட்ட இருந்த கடைசிப் பால வாங்கிட்டுப் போயிட்டேன். உன் காபி நேரத்துக்குள்ள குடுத்துடறேன்னு சொல்லிட்டு சுத்தமா மறந்துட்டேன் பாரு. இந்தா பால், இப்பத்தான் வாங்கிட்டு வந்தேன்."

ஒஃபேலியா கோப்பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள், பாதியில் அந்தக் கை நின்றுவிட்டது. ராய்ஸ் நூலுக்கு அடியிலிருந்து எழுந்து வந்து கோப்பையைத் தன் கையில் வாங்கினார்.

"கீழ சிந்துது, ராய்ஸ்" என்றாள் நடீன். "கை ஏன் இப்பிடி ஆடுது?"