ஆக்னெஸின் ஆர்கன்

வடக்கு டகோட்டாவில் பிரெக்கெ குடும்பத்தின் பூர்வீக வீடு பல வருடங்களாக ஆளில்லாமல் கிடந்தது. ரெனேயின் கொள்ளுத்தாத்தா நார்வேயிலிருந்து வந்து, அரசாங்கம் கொடுத்த புல்வெளியை உழுது, முதலில் மண்கட்டி வீடும் பிறகு பலகை வீடும் கட்டிய இடம் அது. இந்த வருடம் மாவட்ட வரலாற்றுச் சங்கம் அதைப் பழுதுபார்த்து ஜனங்களுக்குத் திறந்துவிடப் போகிறது. உள்ளே வைக்கப் பழைய சாமான் ஏதாவது மண்ணில் அகப்படுமா என்று ரெனேயிடம் கேட்டார்கள். அவளிடம் மெட்டல் டிடெக்டர் இருந்தது. விவாகரத்து ஆன வருடம் வாங்கியது. புருஷனைவிட ஒழுங்காகப் பேசுகிறது என்பாள்.

பனி கரைந்து மண் இளகியதும் தொடங்கினாள். சமையலறைக் கதவைச் சுற்றி நிறையக் கிடைத்தது. அடுப்பு மூடியைத் தூக்கும் இரும்புப்பிடி, ஜாடி மூடிகள், சேணக் கொக்கி, நெளிந்த கரண்டி, வாளி வாளியாகச் சதுர ஆணிகள். இரும்பு என்றால் கருவி தாழ்ந்த குரலில் உறுமும். பித்தளையோ செம்போ என்றால் கீச்சென்று கத்தும்.

சாலைக்கு எதிர்ப்புறம் புதிய வீட்டில் இருந்த அவள் அப்பா ஹால்வர் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்து ஜன்னலை இறக்கினார். எண்பத்தாறு வயதிலும் அவரிடமிருந்து சாவியைப் பிடுங்க யாராலும் முடியவில்லை.

"என்ன, புதையலா?"

"கரண்டிப்பா."

"கரண்டி வீட்லயே இருக்கே. வா, சாப்பிடலாம்." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "முன்பக்கமே பாரு. பின்னால ஒண்ணுமில்ல. சாம்பலும் கண்ணாடிச் சில்லும்தான்."

சாம்பலும் சில்லும் கொட்டிய இடத்தில்தான் சாமானும் இருக்கும் என்பது டிடெக்டர் பிடித்த எவருக்கும் தெரியும். மறுநாள் ரெனே பின்பக்கம் போனாள்.

கொட்டகைக்கும் பழைய கழிப்பறை மேட்டுக்கும் நடுவே கருவி கத்தத் தொடங்கியது, நிற்கவேயில்லை. மண்ணை வெட்டியதும் கரி வந்தது. கரிக்குள் விரல் நீளத்தில் மெல்லிய பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பிளவு, பிளவுக்குள் நாக்கு மாதிரி இன்னொரு மெல்லிய தகடு. சில உருகிக் கட்டியாகியிருந்தன. சிலவற்றின் தலைப்பில் ஆங்கில எழுத்து பொறித்திருந்தது. ஏ, டி, எஃப். அதற்கும் கீழே கால் வைத்து மிதிக்கும் இரும்புச் சட்டம் ஒன்று, இரண்டாக முறிந்து.

ரெனே முழங்காலிட்டபடியே இருந்தாள். இது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அம்மா ஆக்னெஸ் ஒவ்வொரு வசந்த காலத்திலும் கால்மிதியால் காற்றடித்து வாசிக்கும் தன் ஆர்கனின் பின்பலகையைக் கழற்றி, சுரம் எழுப்பும் இந்த ரீடுகளை ஒவ்வொன்றாக உருவித் துடைப்பாள். சின்னப் பெண்ணாக இருந்த ரெனேயின் வாயில் ஒன்றை வைத்து ஊதச் சொல்லுவாள். ஆட்டுக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் வரும்.

அந்த ஆர்கன் ஆக்னெஸின் பாட்டி வழியில் வந்தது. ஆக்னெஸ் ஆப்பரேஷனுக்காக ஃபார்கோ ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்தில்தான் குடும்பம் புதிய வீட்டுக்கு மாறியது. அவள் திரும்பி வந்தபோது எல்லாச் சாமானும் இருந்தது, ஆர்கன் இல்லை. "உன் தங்கச்சி டிரக்கோட வந்தா, தூக்கிட்டுப் போயிட்டா. பாட்டி அவளுக்குத்தான் தர்றதா இருந்தாங்களாம். நான் என்ன பண்ண முடியும்?" என்றார் ஹால்வர்.

தங்கை தோர்டிஸ் எப்போதோ அந்த ஆர்கன் மேல் ஆசைப்பட்டுப் பேசியது உண்மை. ஆக்னெஸ் அவளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. வைராக்கியக்காரி. தோர்டிஸ் போன் செய்தால் எடுப்பது ஹால்வர்தான்; அவ பேச விரும்பல என்று சொல்லி வைத்துவிடுவார். தோர்டிஸ் வாசலில் வந்து கத்தியபோது ஆக்னெஸ் திரைக்குப் பின்னால் நின்றாள், கதவைத் திறக்கவில்லை. சர்ச் முழுக்கக் கதை பரவியது. அக்காள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வீட்டைத் துடைத்தவள் என்று பேர். ஒரு குளிர்காலத்தைத் தாண்டுவதற்குள் தோர்டிஸ் மைனாட் நகரத்துக்குப் போய்விட்டாள். அக்காவும் தங்கையும் அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆக்னெஸ் எழுபத்தோரு வயதில் செத்துப்போனாள்.

ரெனே ரீடுகளை வாளியில் அள்ளிக்கொண்டு நேராக அப்பாவின் சமையலறைக்குப் போனாள். அவர் காபிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வாளியை மேஜைமேல் கவிழ்த்தாள். கரி அவர் சட்டை வரை தெறித்தது.

"இது என்னப்பா?"

அவர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "பின்பக்கம் போகாதன்னு சொன்னேன்."

"இது என்னன்னு கேட்டேன்."

"தெரிஞ்சுதானே கேக்கற. ஆர்கன். உள்ள பூரா எலி. புது வீட்டு வாசல்ல நுழையல. தூக்க ஆளில்ல, மழை வேற வர்ற மாதிரி இருந்துச்சு. கோடாலியால வெட்டிப் போட்டு எரிச்சேன்."

"எரிச்சுட்டு?"

"எரிச்சுட்டு என்ன. உங்கம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றா. வந்ததும் அழுவா. ஏதாவது சொல்லணும்ல."

"ஏதாவதா? சித்திய திருடின்னு சொன்னீங்க."

"ரெண்டு மாசத்துல சரியாயிடும்னு நெனச்சேன்." காபியை ஒரு மிடறு குடித்தார். "சரியாகல. ஆனா வீடு அமைதியாச்சு. அதுக்கு முன்னால பொழுதுக்கும் தோர்டிஸோட போன்தான். சாப்பாட்டு வேளைல போன், பால் கறக்கற வேளைல போன். ரெண்டு பேரும் சிரிக்கிறது கொட்டகை வரைக்கும் கேக்கும். என்னைப் பத்தித்தான் சிரிக்கிறாங்களோன்னு இருக்கும்."

ரெனே அங்கே நின்றால் கையில் கிடைத்ததை எறிந்துவிடுவோம் என்று தெரிந்து வெளியே வந்துவிட்டாள். முற்றத்தில் தம்பி டேரில் டிராக்டருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொன்னாள். அவன் கையைத் துடைத்தான், தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"அப்பாவுக்கு எண்பத்தாறு வயசுக்கா. விட்டுடு."

"அம்மாவுக்கு எழுபத்தொண்ணு. அதுக்கு மேல ஏறவே இல்ல."

"இப்ப சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"சித்தி இருக்காங்கடா. உயிரோட இருக்காங்க."

மைனாட்டில் முதியோர் குடியிருப்பில் தோர்டிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். எண்பத்து நாலு வயது. ஆக்னெஸின் அதே தாடை. ரெனே தன் பெயரைச் சொன்னதும் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியுது. கடையில என்னப் பாத்துட்டுத் தலையத் திருப்பிக்கிட்டுப் போவியே," என்றாள்.

ரெனே கைக்குட்டையை விரித்தாள். கழுவித் துடைத்த ஆறேழு ரீடுகள். எங்கே கிடைத்தது, அப்பா என்ன சொன்னார், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

தோர்டிஸ் அழவில்லை. "எதுக்கு என்கிட்ட வந்து புதுசா சொல்ற? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? உங்களுக்குத்தான் இது சேதி."

"மன்னிச்சுக்கோங்க சித்தி."

"அந்தத் தகட்ட எடுத்துட்டுப் போ. எனக்கு அவன் வேணும். சர்ச்சுக்குக் கீழ, காபி குடிக்கிற இடத்துல, எந்த மேஜையில உக்காந்து என்னைத் திருடின்னு பேசினாங்களோ அங்க எழுந்து நின்னு சொல்லச் சொல்லு. அன்னிக்கு என்னைக் கூட்டிட்டுப் போ. மத்தபடி வராத."

ஹால்வர் முதலில் முடியாது என்றார். நெஞ்சு வலிக்கிறது என்றார். டேரிலைவிட்டுப் பேச வைத்தார். ரெனே சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "திறப்பு விழாவுக்கு மாவட்டமே வரும். முன்கூடத்து மேஜையில இந்த ரீடையெல்லாம் பரப்பி, யாரு எரிச்சா, யாரு மேல பழி போட்டான்னு பெரிசா எழுதி வைப்பேன். நீங்க டை கட்டிக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருக்கலாம். இல்லாட்டி சர்ச்சுல நீங்களே சொல்லுங்க."

"பெத்த அப்பன மிரட்டற."

"ஆமாப்பா."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் கீழே இறங்கினார்கள். நீள மேஜைகளில் காபியும் எலுமிச்சைக் கேக்கும் சர்க்கரை தூவிச் சுருட்டிய லெஃப்ஸெ என்ற நார்வே ரொட்டியும் இருந்தன. தோர்டிஸ் கைத்தடியோடு நடு மேஜையில் போய் உட்கார்ந்தாள். அவளை அடையாளம் தெரிந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஹால்வர் எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஆக்னெஸோட ஆர்கன தோர்டிஸ் எடுக்கல. நான்தான் எரிச்சேன்."

உட்கார்ந்துவிட்டார். கொதிக்கும் காபி ஜாடியின் மூடி மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு வயதான ஒருவர் தொண்டையைச் செருமி, "ம், அதெல்லாம் ஆச்சு ரொம்ப வருஷம்," என்றார். "ஆமாமா," என்றாள் இன்னொருத்தி. யாரோ கேக் தட்டை நகர்த்தினார்கள். எல்லாரும் புன்னகைத்தார்கள். ஹால்வரின் தோளைக்கூட ஒருவர் தட்டிக்கொடுத்தார். ரெனே வாயைத் திறக்கப் போனாள். தோர்டிஸ் முந்திக்கொண்டாள்.

"எனக்கு ஆகல ரொம்ப வருஷம்," என்றாள். குரல் கரகரப்பாக இருந்தாலும் கடைசி மேஜைவரை கேட்டது. "மார்வின், பால் வண்டியில என்னை ஏத்தாமப் போனது உங்கப்பா. நீ பக்கத்துல உக்காந்து சிரிச்ச. எல்டோரா, என் புருஷன் சாவுக்கு ஒரு கேக்குகூட நீ கொண்டு வரல. ஊருல எந்த நாய் செத்தாலும் கேக் கொண்டு போறவ நீ. ஹால்வர் பொய் சொன்னான். ஆனா என்னைக் கேக்காம நம்பினது நீங்க. தோளத் தட்டிக் குடுக்கறீங்க. அவன் தோள."

எல்டோரா மட்டும் எழுந்து வந்து தோர்டிஸின் எதிரில் நின்று, "நீ சொல்றது சரி," என்றாள். தோர்டிஸ், "தெரியும்," என்றாள். அவ்வளவுதான். கேக்கைத் தொடாமல் எழுந்தாள்.

வெளியே வந்ததும், "அவ எங்க இருக்கா?" என்று கேட்டாள். கல்லறை சர்ச்சுக்குப் பின்னால்தான். புல்லில் கைத்தடி புதைந்தது, ரெனே கையைப் பிடிக்கப் போனபோது தட்டிவிட்டாள். ஆக்னெஸின் கல்லுக்கு முன்னால் போய் நின்று, மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஏண்டி," என்றாள் கல்லைப் பார்த்து. "திரைக்குப் பின்னால உன் செருப்பு தெரிஞ்சுச்சு. நான் கத்துனது உனக்குக் கேட்டுச்சு. ஒரு தடவ கதவத் திறந்து, எடுத்தியான்னு கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன். அவன் சொன்னா நம்புவ, நான் கத்தினா நம்பமாட்ட. கூடப் பொறந்தவ நானா அவனா? மண்டைக்கனம் பிடிச்சவ. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். எல்லாத்தையும் பேசித் தீர்க்கலாம்னு இருந்தேன், நீ பாட்டுக்குச் செத்துப்போயிட்ட."

தடியின் நுனியால் கல்லின் அடியை ஒரு தட்டுத் தட்டினாள். வலிக்கும் என்பதுபோல, பலமாக அல்ல. ரெனே சற்றுத் தள்ளி நின்றாள். ஹால்வரை டேரில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். இனி அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவதும் அவன் வேலைதான் என்று ரெனே காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"காத்து அடிக்குது," என்றாள் தோர்டிஸ். "வண்டிய எடு. அடுத்த மாசம் ஒரு நாள் மறுபடி கூட்டிட்டு வா. இவகிட்ட நான் இன்னும் பாதிகூடச் சொல்லல."